பழைய குளம், புதிய பொறுப்பு

பிறர் பயன்படுத்திய பொருளை வாங்கும்போது விலை குறைவு என்னும் மகிழ்ச்சியே முதலில் நம் மனத்தை நிறைக்கிறது. பழைய மிதிவண்டி, பழைய தையல் இயந்திரம், பழைய மேசை நாற்காலி ஆகியவற்றை வாங்கிப் பல்லாண்டுகள் பயன்படுத்தும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் சில பொருள்கள் வீட்டுக்குள் வரும்போது தம்முடன் ஒரு பொறுப்பையும் அழைத்து வருகின்றன. பொருள் பழையது என்பதற்காக அந்தப் பொறுப்பு குறைவதில்லை. கனடா நாட்டில், டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் வாழும் எங்கள் குடும்பம், 2024ஆம் ஆண்டில் ஒரு பழைய நீச்சல் குளத்தை வாங்கி வீட்டின் பின்புறத்தில் நிறுவியபோது இதனை நன்கு உணர்ந்தது. அந்த அனுபவத்தை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எதற்காக வாங்கினோம்?

நீச்சல் குளம் என்றதும் செல்வர் மாளிகையை நினைத்துவிட வேண்டாம். நிலத்தைத் தோண்டிச் சிமெண்டினால் கட்டும் குளம் வேறு. நாங்கள் கூறுவது வேறு. வட அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தினர் பலர் தம் வீட்டுப் புல்வெளியில் நிலத்தின்மேலேயே நிறுத்திக்கொள்ளும் வட்டக் குளம் இது. மெல்லிய எஃகுத் தகட்டை வளையமாக நிறுத்தி, அதனுள் கனத்த பிளாஸ்டிக் உறையை விரித்து, நீரை நிரப்புவார்கள். வேண்டாதபோது கழற்றிவிடலாம். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீடுகளில் இவை பயனற்று நிற்கும். கழற்றி எடுத்துச் செல்ல ஆள் வந்தால் போதும் என்று மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் இருவருக்கும் பிறப்பிடம் தூத்துக்குடிக் கடற்கரை. கடலருகே பிறந்திருந்தும் எங்களுள் ஒருவருக்கு மட்டுமே நீந்தத் தெரியும். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் கடலிலும் கிணற்றிலும் குதித்து நீச்சல் கற்றார்கள். பெண்பிள்ளைகள் கரையில் நின்று அவர்களுடைய துணியைக் காத்தார்கள். அந்தக் குறை எங்கள் மகளுக்குத் தொடரலாகாது என்பது எங்கள் எண்ணம். கனடாவோ ஏரிகள் நிறைந்த நாடு. கோடை வந்தால் பள்ளி நண்பர்கள் அனைவரும் நீர்நிலைகளை நாடிச் செல்வார்கள். நீந்தத் தெரியாத பிள்ளையை அவர்களுடன் எப்படி அனுப்புவது?

அப்போது எங்கள் மூத்த மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9, கடைக்குட்டிக்கு 2. மூத்தவர் இருவரின் நலனுக்காக வாங்கும் குளமே இளையவனின் உயிருக்கு உலையாகிவிடக் கூடும் என்ற அச்சமும் தொடக்கத்திலேயே எங்களுக்கு எழுந்தது. அது வீண் அச்சமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயது நிறையாத குழந்தை. இந்தக் கணக்கைப் படித்த இரவில் வாங்குவதா, வேண்டாமா என்று வெகுநேரம் பேசினோம். இறுதியில், வாங்குவது என்றும், காவலுக்கான ஏற்பாடு முடியும்வரை ஒரு குடம் நீரும் ஊற்றுவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

வாங்கும் முன் கண்டவை

அடுத்த தெருவில் வாழ்ந்த முதிய தம்பதியர் தங்கள் குளத்தை 200 டாலருக்குத் தருவதாகக் கூறினர். 15 அடி விட்டம். 4 அடி உயரச் சுவர். அதனைப் பார்வையிட எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவரையும் உடன் அழைத்துச் சென்றோம். வாழ்நாள் முழுவதும் கொத்தனாராக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர்.

பெரியவர் முதலில் சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தார். பிறகு நீர் வெளியேறும் துளையைச் சுற்றியுள்ள இடத்தை ஆராய்ந்தார். துரு முதலில் தோன்றும் இடங்கள் இவையே. மேலே வண்ணம் மங்கியிருந்தால் கேடில்லை. தகட்டில் துளை விழுந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. நிறைந்த நீர் வெளிப்புறமாக அழுத்தும் விசையை முழுவதும் தாங்கி நிற்பது அந்த மெல்லிய தகடு ஒன்றே அன்றோ! எங்கள் குளத்தின் தகடு பழுதின்றி இருந்தது.

உள்ளே விரித்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பெரியவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீர் வடிந்து காய்ந்த பழைய உறை சுருங்கும்; விறைத்துப்போகும்; மறுபடி இழுத்து விரித்தால் கிழியும். ஆகவே பழைய குளம் வாங்குவோர் புதிய உறைக்குப் பணம் ஒதுக்கியே தீர வேண்டும். எங்களுக்கு உறையின் விலை குளத்தின் விலையைப் போல் இருமடங்காயிற்று.

கழற்றும்போது ஒவ்வொரு பகுதியையும் நிழற்படம் எடுத்தோம். தூண்களுக்கும் மேல்விளிம்புத் துண்டுகளுக்கும் எண்ணிட்டு ஒட்டினோம். திருகாணிகளை வகைவகையாகப் பிரித்து டப்பாக்களில் இட்டோம். இவ்வேலையை மகள் தன் பொறுப்பில் ஏற்றாள். கையேடு இல்லாமல் வரும் பழைய பொருளுக்கு இந்தப் படங்களே கையேடு. பின்னர் நிறுவிய நாளில் அவளிடம் கேட்காமல் எங்களால் ஒரு திருகாணியையும் பொருத்த முடியவில்லை.

மட்டம் பார்த்த மூன்று வாரங்கள்

குளம் நிறுவுவது என்றால் தகடு பொருத்துவது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உழைப்பின் பெரும்பகுதி மண்ணில்தான் என்பது பிறகே தெரிந்தது. மூன்றரை அடி ஆழத்துக்கு நீர் நிறைந்தால் எங்கள் குளம் சுமார் 17,500 லிட்டர் கொள்ளும். அதாவது பதினேழரை டன். ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின்மீதும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமை இரவும் பகலும் அமர்ந்திருக்கும். நிலம் ஒருபுறம் தாழ்ந்திருந்தால் நீர் அப்புறத்தில் ஆழமாக நின்று, அப்புறச் சுவரையே மிகுதியாக அழுத்தும். சுவர் பிதுங்கும், நாளடைவில் சரியவும் கூடும்.

ஒன்ராறியோ மாநிலத்தில் நிலத்தைத் தோண்டுமுன் அடியில் செல்லும் குழாய்களையும் மின்கம்பிகளையும் பற்றிக் கேட்டறிவது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். வீட்டுக்காரர் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பணியாளர் வந்து, எரிவாயுக்குழாய் செல்லும் வழியில் மஞ்சள் நிறமும் மின்கம்பி செல்லும் வழியில் சிவப்பு நிறமும் பூசிச் சென்றனர். நாங்கள் மனத்தில் குறித்து வைத்திருந்த இடத்தின் ஓரமாக மஞ்சள் கோடு சென்றது. குளத்தை ஆறடி தள்ளி அமைக்க முடிவு செய்தோம்.

பிறகு நடுவே ஒரு முளையடித்து, கயிறு கட்டி, வட்டம் வரைந்து, புல்லைக் கரண்கரணாக வெட்டி அகற்றினோம். நீண்ட நேரான பலகையின்மேல் ரசமட்டத்தை வைத்து முளையிலிருந்து சுற்றிலும் பார்த்தபோது, கண்ணுக்குச் சமமாகத் தோன்றிய அந்த நிலம் ஒரு புறத்தில் நான்கு அங்குலம் மேடாக இருந்தது!

பள்ளத்தில் மண்ணை நிரப்பிச் சமன் செய்யலாமே என்றான் மூத்தவன். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பாதே. நிரப்பிய மண் இன்று சமமாக இருக்கும். சுமை ஏறியதும் அமுங்கும். வெட்டிய மண் ஏற்கெனவே இறுகியது" என்றார். நாற்பது ஆண்டு அனுபவம் அந்தச் சில சொற்களில் அடங்கியிருந்தது. மேட்டுப் பகுதியை மண்வெட்டியால் சீவிச் சீவிக் குறைத்தோம். தூண்கள் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிமெண்டுப் பலகைக்கல்லைப் புதைத்து, ஒரு கல்லுக்கும் மறுகல்லுக்கும் மட்டம் பார்த்தோம். மாலை வேலைகளிலும் சனிக்கிழமைகளிலுமாக இப்பணி மூன்று வாரங்கள் நீடித்தது. முடிவில் வட்டத்தின் எந்த முனைக்கும் மறுமுனைக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இல்லை.

வேலிக்காகக் காத்திருந்த நாள்கள்

டொராண்டோ நகரில் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீர் கொள்ளக்கூடிய குளத்துக்கு வேலி வேண்டும். கதவு தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நகராட்சியின் அனுமதியும் உண்டு. வீட்டைச் சுற்றி மூன்று புறமும் ஏற்கெனவே வேலி இருந்தமையால், நான்காவது புறத்துக்கு வீட்டுச் சுவரே போதுமே என்று நண்பர் சிலர் கூறினர். ஆனால் எங்கள் சமையலறைக் கதவு நேரே புல்வெளிக்குத் திறக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த வேலியால் என்ன பயன்? அயல்வீட்டுக் குழந்தையைத் தடுக்கும் வேலி நம் வீட்டுக் குழந்தையைத் தடுப்பதில்லை. குளத்தை வீட்டிலிருந்தும் பிரிக்கும் நாற்புற வேலியே மேலானது என்பது இத்துறையை ஆராய்ந்தோரின் தீர்ந்த முடிவு. நாங்களும் நாற்புற வேலியையே தேர்ந்தோம்.

வேலி அமைக்க ஒப்புக்கொண்டவர் இரண்டு வாரம் தாமதித்தார். ஜூன் மாதம் முடிந்து வெயில் ஏறியது. கனடாவில் கோடை குறுகியது. நீந்தத் தக்க நாள்கள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் என்பதைப் பிள்ளைகள் நன்கு அறிவர். "அப்பா, வேலி வரும்போது வரட்டும். நாங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீரை மட்டும் நிரப்பிவிடலாமே" என்று மூத்தவன் கெஞ்சினான். அண்ணனின் பக்கம் நின்று மகள் கண் கலங்கினாள். அவர்களைப் பார்க்கவே எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

ஆயினும் இசையவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வது என்றால் அவன் விழித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பார்ப்பது என்று பொருள். எந்த அண்ணனாலும் அது இயலாது. தாய் தந்தையராலும் இயலாது. தொலைபேசி மணி ஒலிக்கும். அடுப்பில் பால் பொங்கும். வாயிலில் ஆள் வருவார். வேலி அந்த இடைவேளைகளுக்காகவே நிற்கிறது. மகனை அருகில் அமர்த்தி இதனை விளக்கிக் கூறினோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். மறுநாள் தானாகவே வேலிக் கம்பங்களுக்குக் குழி எடுக்கத் தொடங்கிவிட்டான்!

ஜூலை முதல் வாரத்தில் வேலி எழுந்தது. நகராட்சி அலுவலர் வந்து கதவைப் பலமுறை திறந்துவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது மூடித் தாழிட்டுக்கொண்டது. அன்றிரவு வீட்டில் அனைவரும் நிம்மதியாக உறங்கினோம்.

நீர் நிறைந்த நாள்

தகட்டைக் காற்றில்லாத நாளில் நிறுத்த வேண்டும். நீரில்லாத சுவருக்குத் தானே நிற்கும் வலிமை கிடையாது. பலத்த காற்று ஒன்று வீசினால் மடங்கிவிடும். ஆறு பேர் கூடி, சுருட்டிய தகட்டைச் சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே அடித்தடத்தில் நிறுத்தினோம். மெல்லிய மணலைத் தரையில் பரப்பி, சுவரும் தரையும் சேரும் மூலையில் அதனைச் சாய்வாக அணைத்துக் கெட்டித்தோம். அந்தச் சாய்வு இல்லாவிடில் நீரின் பாரம் உறையைச் சுவருக்கு அடியில் தள்ளிக் கிழித்துவிடும்.

புதிய உறையை வெயிலில் இளக்கி விரித்தோம். ஓர் அங்குலம் நீர் விட்டு நிறுத்தி, வெறுங்காலுடன் உள்ளே நடந்து சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளினோம். நீர் மேலேறிய பின் சுருக்கத்தை நீக்க முடியாது. நீர் வெளியேறும் துளைக்காக உறையை வெட்டுவதற்கு மட்டும் அவசரப்படவில்லை. நீர்மட்டம் அத்துளைக்குச் சற்றுக் கீழே வந்து, உறை முழுவதும் இழுபட்டு நிலைத்த பிறகே கத்தி வைத்தோம். தோட்டக் குழாயின் வழியே நீர் நிறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. விடியற்காலையில் ரசமட்டத்துக்கு வேலையில்லை. சுவரின் விளிம்புக்குக் கீழே நீர் சுற்றிலும் ஒரே அளவில் நின்றது. பெரியவர் வந்து, விரலால் நான்கு இடங்களில் அளந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எங்கள் தோளில் தட்டிவிட்டுச் சென்றார்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கைவேலை எதுவும் செய்யவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து, மின்கசிவு ஏற்பட்ட கணமே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனத்துடன் பம்பை இணைத்தார். பம்பு நீரை இழுத்து மணல் வடிகட்டியின் வழியே செலுத்தி, மீண்டும் குளத்தில் சேர்க்கிறது.

தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கிருமிகளைக் கொல்லக் குளோரின் வேண்டும். பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஒன்று முதல் மூன்று பங்கு என்பது வழக்கமான அளவு. நீரின் காரத்தன்மையும் அளவோடு இருத்தல் வேண்டும். 7.2 முதல் 7.6 வரை என்பது பொருத்தமான அளவு. நம் கண்ணீரின் அளவும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் கண் எரிவதில்லை. வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால் அதனை மாலையில் சேர்க்கிறோம். மருந்தை நீரில் இடலாமேயன்றி, நீரை மருந்தில் ஊற்றலாகாது. குளோரினையும் அமிலத்தையும் கலந்தால் நச்சுவாயு எழும். இவற்றைப் பூட்டிய அலமாரியில் வைத்துள்ளோம்.

கண்ணால் காக்கும் காவல்

வேலி நின்றாலும், பிள்ளைகள் நீரில் இருக்கும்போது கண் வேண்டும். மூழ்கும் குழந்தை கூவி அழைக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது ஓசையின்றி நிகழ்கிறது. மூச்சுக்குத் தவிக்கும் வாயால் கூவ இயலாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்துள்ளோம். நீரில் யார் இறங்கினாலும் பெரியவர் ஒருவர் கழுத்தில் சிவப்பு நாடா அணிந்து கரையில் அமர வேண்டும். அவர் கையில் தொலைபேசியோ புத்தகமோ இருத்தல் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாடா கைமாறும். பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்றிருப்பது இயல்பு. நாடா யார் கழுத்தில் உள்ளதோ, அவர் பார்த்தே ஆக வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மகளின் பிறந்தநாள். வீடு நிறைய விருந்தினர். குளத்தைப் பூட்டிவிட்டு அனைவரும் உணவருந்திக்கொண்டிருந்தோம். திடீரெனச் சின்னவனைக் காணவில்லை. காணாமற்போன குழந்தையை முதலில் நீரருகே தேட வேண்டும் என்பது நாங்கள் கற்றிருந்த பாடம். நீரில் மூழ்கிய குழந்தைக்கு ஒவ்வொரு நொடியும் உயிர். ஒருவர் குளத்துக்கு ஓடினோம். மற்றவர் வீட்டுக்குள் தேடினோம். வேலிக்கதவு தாழிட்டபடி இருந்தது. நீர் அசைவின்றித் தெளிந்திருந்தது. அடிவரை பார்க்க முடிந்தது. சிறிது நேரத்தில் சாய்விருக்கையின் பின்னால், கையில் பலூனுடன் உறங்கிக்கொண்டிருந்தவனை அக்காள் கண்டெடுத்தாள். அச்சம் நீடித்தது மூன்று நிமிடமே. ஆனால் அந்த மூன்று நிமிடங்களில், கதவு தாழிட்டிருக்கிறது என்ற ஒரு செய்தி எங்களுக்கு எத்தகைய ஆறுதல் தந்தது என்பதை எழுத்தில் வடிக்க இயலாது.

மறு ஆண்டு, 2025 ஜூலையில், அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 4 அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள சில வகைக் குளங்களில் தூண்களைச் சுற்றி வெளிப்புறமாகச் செல்லும் பட்டை, குழந்தைகள் கால் வைத்து ஏறும் படியாகிவிடுகிறது. 2007 முதல் 2022 வரை ஒன்பது குழந்தைகள் இறந்ததாகத் தெரிகிறது என்று கூறி, சுமார் 50 இலட்சம் குளங்களைத் திருத்தியமைக்கும்படி அறிவித்தது. கனடாவிலும் இத்தகைய அறிவிப்பு வந்தது. எங்கள் குளம் அவ்வகையன்று. ஆயினும் கைமாறி வரும் பழைய குளங்களுக்கு இத்தகைய அறிவிப்பு தேடி வராது. வாங்குவோரே தேடி அறிய வேண்டும். நாங்கள் குளத்தைச் சுற்றி வந்து, ஏறுவதற்கு உதவும் பொருள் ஏதும் உண்டா என்று பார்த்தோம். நாற்காலிகளையும் பெட்டிகளையும் வேலிக்கு வெளியேயும் தொலைவாக அகற்றினோம். ஏணியைப் பயன்படுத்தியதும் எடுத்து வைக்கிறோம். மூன்றரை அடி நீரில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறிக்கும் என்பதால், அதற்கு எவருக்கும் அனுமதியில்லை.

செப்டம்பரில் நீர்மட்டத்தைத் துளைகளுக்குக் கீழே இறக்கி, பம்பிலிருந்து நீரை வடித்து, குளத்தை மூடிவிடுகிறோம். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரியும். குழாயில் தங்கிய நீர் குழாயையே பிளந்துவிடும். குளத்தை முழுதும் வற்றச் செய்வதுமில்லை. உறை சுருங்காமலும் சுவர் சரியாமலும் காப்பது உள்ளே நிற்கும் நீரேயாகும்.

இன்று மூத்தவர் இருவரும் நன்றாக நீந்துகின்றனர். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் வகுத்துள்ள எளிய அளவு ஒன்று உண்டு: ஆழ்ந்த நீரில் உருண்டு விழுந்து மேலே வர வேண்டும், ஒரு நிமிடம் மிதக்க வேண்டும், 50 மீட்டர் நீந்த வேண்டும். நகராட்சிக் குளத்தில் பயிற்சி பெற்று இருவரும் அதனைச் செய்து முடித்தனர். எங்களுள் நீந்தத் தெரியாதிருந்தவரும் இப்போது கற்று வருகிறார். மூழ்கியவருக்கு வேண்டியது முதலில் மூச்சே என்பதால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முதலுதவியை இருவரும் முறையாகப் பயின்றுள்ளோம்.

பழைய குளத்துக்கு 200 டாலர் கொடுத்தோம். உறை, மணல், மின்வேலை, வேலி ஆகியவற்றுக்கு அதனைப் போல் பன்மடங்கு செலவாயிற்று. குறைந்த விலை என்று மகிழ்ந்து வாங்குவோர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்தல் நலம். வேலிக்குப் பணமில்லையெனில், பணம் சேரும்வரை குளம் காத்திருக்கட்டும். பிள்ளைகளின் ஒரு கோடைக்கால ஏமாற்றம் அடுத்த கோடையில் தீர்ந்துவிடும். இதைப் படிக்கும் பெற்றோர் தம் வீட்டருகே கைப்பிடிச் சுவரில்லாத கிணறோ, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியோ இருக்குமாயின், அதனையும் ஒருமுறை சென்று பார்ப்பார்களாக. தவழும் குழந்தைக்கு ஒரு வாளி நீரும் போதுமான ஆழமே.